முட்டை அட்டை வௌவால்கள்

லோர்னா ஜெலின்ஸ்கியின் காரில் பின் சீட்டில் யாரும் உட்கார முடியாது. அங்கே குப்பைதான் பயணம் செய்யும். டாய்லெட் பேப்பர் தீர்ந்துபோன அட்டை உருளைகள், கழுவிக் காயவைத்த பால் கேன்கள், ஜோடியைத் தொலைத்த கையுறைகள், மூடிகள், நூல்கண்டுகள். எங்கள் ஊரில் யார் வீட்டில் எது காலியானாலும் "லோர்னாவுக்கு ஆகும்" என்று அதை அவர் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். காகித ஆலையில் வேலை செய்கிற ஆண்கள்கூட, பெரிய சுருள்களுக்கு நடுவில் இருக்கும் தடித்த அட்டைக் குழாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்து கொடுப்பார்கள்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் ஒவ்வோர் அக்டோபரும் அந்தக் குப்பையிலிருந்துதான் பேய்கள் பிறக்கும். உருளையின் மேல் வெள்ளைத் துணிப்பட்டையைச் சுற்றினால் எகிப்து மம்மி. கட்டைவிரலை மடக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் எதிரும் புதிருமாகப் பதித்தால் எட்டுக்கால் சிலந்தி. பாதத்தில் வெள்ளைப் பெயின்ட் தடவிக் கறுப்புத் தாளில் மிதிக்கவைத்து, தாளைத் தலைகீழாகத் திருப்பினால் பேய். குதிகால் அதன் தலை, விரல்கள் அதன் கிழிந்த பாவாடை.

பள்ளி முடிந்ததும் நான் கல்லூரிக்குப் போகவில்லை. பாலாடைக்கட்டிக் கடையில் கொஞ்ச நாள், பெட்ரோல் பங்கில் கொஞ்ச நாள். ஒரே இடத்தில் நிற்கச் சொன்னால் எனக்குக் கால் அரிக்கும். பனி விழுகிறவரைக்கும் மட்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மூன்று வயதுக் குழந்தைகளின் அறையில் லோர்னாவுக்கு உதவியாகச் சேர்ந்தேன். சேர்ந்த வாரத்திலேயே பாதப் பேய்களுக்குக் கண் ஒட்டினோம். ஜூனி என்கிற சுட்டிப்பெண் தன் பேய்க்கு நான்கு கண்களை, அதுவும் கால்பக்கம் ஒட்டிவைத்திருந்தாள். யாரும் பார்க்காதபோது நான் இரண்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, மீதி இரண்டை முகத்தில் சரியாக ஒட்டினேன்.

"மேரென், இது யாரோட பேய்?" என்று பின்னாலிருந்து லோர்னாவின் குரல் வந்தது.

"ஜூனியோடது."

"அவ பேய்க்குக் கால்ல கண்ணு இருந்தா உனக்கு எங்க வலிக்குது? அழகா ஒரு பேய் வேணும்னா நீயே ஒண்ணு பண்ணிக்கோ. பெயின்ட் இருக்கு. உன் காலும் நல்லாப் பெருசா இருக்கு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. குழந்தைகள் எல்லோர் முன்னாலும் என் ஷூவைக் கழற்றவைத்தார். பன்னிரண்டு வாண்டுகளும் தூரிகையோடு வந்து என் உள்ளங்காலில் பெயின்ட் அடித்தன. கூச்சத்தில் நான் அலறிய அலறலுக்கு மேல்தளத்திலிருந்து பாதிரியார் இறங்கி வந்துவிட்டார். என் பேயும் அவர்களுடைய பேய்களோடு சுவரில் ஏறியது. இருந்ததிலேயே பெரிய பேய். அந்த வெட்கம் போக எனக்கு இரண்டு நாள் ஆனது. அதற்குப் பிறகு நான் எந்தக் குழந்தையின் வேலையிலும் கை வைத்ததில்லை.

லோர்னாவுக்கு ஐம்பத்தேழு வயது. உயரமும் அகலமுமான ஆள். சிரித்தால் தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். ஒருமுறை கல்யாணம் ஆனது. "அதுவே ஒண்ணு அதிகம்" என்பார். இன்று எங்கள் ஊரில் பிள்ளை பெற்று வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அவருடைய அறையில்தான் மூக்கைத் துடைக்கக் கற்றவர்கள். அவர்கள் பெற்றோராகிப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதும் "மிஸ் லோர்னா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் "டேய்", "ஏய்" என்றுதான் பேசுவார்.

சிரிப்பெல்லாம் சாப்பாட்டு மேசை வரைக்கும்தான். ஏமஸ் என்ற பையனுக்கு முட்டை ஆகாது. ஒரு துளி உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதனால் யார் எந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாலும் லோர்னா வாசலிலேயே மறித்து, "இதுல என்ன இருக்கு?" என்று கேட்பார். பிறந்தநாள் கேக் எத்தனையோ திரும்பிப் போயிருக்கிறது. பெற்றோர் அவர் முதுகுக்குப் பின்னால் போலீஸ்காரி என்பார்கள். அவருக்கும் தெரியும். "ஆமா, துப்பாக்கிதான் இல்ல" என்பார்.

ஏமஸுக்கான ஊசி ஒரு சிவப்புப் பையில் இருந்தது. பேனா மாதிரி தடிமனான ஊசி. மூடியைக் கழற்றித் தொடையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். பை கதவுக்குப் பக்கத்தில் உயரமான கொக்கியில் தொங்கும். அது எதற்கு என்று குழந்தைகளுக்குத் தெரிய வேண்டும் என்று லோர்னா ஒரு விளையாட்டு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் மஃபின் என்ற கரடிப் பொம்மைக்கு உடம்பு அரிக்க ஆரம்பிக்கும்.

"ஐயோ, மஃபினுக்குக் கழுத்தெல்லாம் சிவந்துபோச்சே! என்ன வேணும்?"

"சிவப்புப் பை!" என்று பன்னிரண்டும் கத்தும். சத்தம் போதாது என்று லோர்னா காதில் கைவைத்துக் காட்டுவார். மறுபடி கத்தும். ஏமஸ்தான் எல்லோரையும் விட உரக்கக் கத்துவான். அது தன் பை என்பதில் அவனுக்குப் பெருமை.

பேய் வேஷம் போடும் ஹாலோவீன் பண்டிகைக்கு முந்தின வாரம், வௌவால் செய்ய முட்டை அட்டை வேண்டும் என்று லோர்னா வீடுகளுக்குச் சொல்லியனுப்பினார். மூன்று குழிகளைச் சேர்த்து வெட்டினால் ஒரு வௌவால். நடுக்குழி தலை, பக்கத்துக் குழிகள் இறக்கை. கறுப்பு அடித்து, சிவப்பில் கண் வைக்க வேண்டும். காலையில் பிள்ளையை விட வந்தவர்கள் எல்லோர் கையிலும் பை. கடைசியாக ஏமஸின் அப்பா கிளின்ட் வந்தான். சாலை போடும் வேலை செய்கிறவன், அதிகம் பேசாதவன். அவனும் ஒரு காகிதப் பையை நீட்டினான்.

"டேய் கிளின்ட்! கடைசியில நீயும் குப்பை கொண்டாந்துட்டியா?" என்று லோர்னா அவன் முதுகில் ஒன்று வைத்தார். "பாருங்க பிள்ளைங்களா, ஏமஸோட அப்பா நமக்கு என்னவோ கொண்டாந்திருக்கார்!" கிளின்ட் காதுவரை சிவந்து, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிப்போனான். நான் எல்லாப் பைகளையும் பெரிய பெட்டியில் கொட்டினேன்.

புதன்கிழமை வௌவால் வேலை. லோர்னா மேசையில் அட்டைகளைப் பரப்பி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஏமஸ் நேராகப் போய் நீல மூடி போட்ட ஓர் அட்டையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். வெட்டுவதற்காக நான் கேட்டபோது தரமாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"என்னோடது."

"வெட்டித் தந்துடறேன்டா கண்ணா."

"வேணாம். என்னோடது."

"விடு பொண்ணே," என்றார் லோர்னா. "அவனோடதுன்னா அவனோடது. முழுசா வெச்சுக்கட்டும். வௌவால் குடும்பம் பண்ணுவான்."

அப்படியே விட்டோம். அறை முழுக்கக் கறுப்பும் சிவப்புமாக இருந்தது. ஓட்டோ என்ற பையன் கண்ணை வௌவாலுக்கு வைப்பதற்குப் பதிலாகத் தன் மூக்கில் வைத்துக்கொண்டான். ஜூனியின் வௌவாலுக்கு உடம்பெல்லாம் கண். ஏமஸ் ஒரு கையால் வண்ணம் அடித்தான். இன்னொரு கையின் கட்டைவிரல் வழக்கம்போல் வாயில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் கழுத்தில் சிவப்பு தெரிந்தது. லோர்னா சிரித்தார். "நீயும் வௌவாலாயிட்டியாடா?" என்று ஈரத்துணியை எடுத்துத் துடைத்தார். துணி வெள்ளையாகவே வந்தது. அவர் துணியைப் பார்க்கவில்லை. மற்ற பிள்ளைகளைப் பார்த்துப் பேசியபடியே இன்னொரு முறை துடைத்தார். நான் எதிரில் இருந்தேன். சிவப்பு போகவில்லை. துடைக்கத் துடைக்க அது தாடைக்கு ஏறியது. எனக்குப் புரியவே இல்லை. பெயின்ட் எப்படித் தானாக நகரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூனிதான் நாற்காலியில் ஏறி நின்று கத்தினாள். "சிவப்புப் பை! மிஸ் லோர்னா, சிவப்புப் பை!"

விளையாட்டு ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. சிவப்புப் பை, சிவப்புப் பை என்று மேசையைத் தட்டின. ஏமஸ் மட்டும் கத்தவில்லை. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. உதடு தடித்திருந்தது. மூச்சு உள்ளே போகும்போது விசில் மாதிரி ஒலித்தது.

லோர்னாவின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். என் வாழ்நாளில் ஒரு பெரியவரின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. துணி கையிலிருந்து விழுந்தது. அடுத்த நொடி அவர் கதவருகே இருந்தார். அதற்கடுத்த நொடி ஏமஸைத் தரையில் கிடத்திக் காலை முழங்கையால் அமுக்கியிருந்தார். கால்சட்டையோடு சேர்த்துத் தொடையில் ஊசியை அழுத்தினார். டிக் என்ற சத்தம் எனக்குக் கேட்டது.

"ஆம்புலன்ஸ்," என்றார் என்னிடம். அவர் குரல் எப்போதும்போல் இருந்தது. என்னால்தான் போனில் ஊர்ப்பெயரைச் சொல்ல முடியவில்லை. மேலாளர் கார்லா ஓடிவந்து போனைப் பிடுங்கினாள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஏமஸ் அழ ஆரம்பித்துவிட்டான். அழுகை வந்தது என்றால் மூச்சு வந்தது என்று அர்த்தம். அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு லோர்னா தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். மேசையில் இருந்த அட்டைகளையே பார்த்தார்.

"முட்டை அட்டை," என்றார். யாரிடமும் சொல்லவில்லை. "முட்டை... அட்டை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் எல்லோரும் வாரம் முழுக்க அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். கார்லா சொன்னாள், நான் சொன்னேன், பெற்றோர் சொன்னார்கள். ஒருவர் காதிலும் அதில் இருந்த முட்டை விழவில்லை. அது எங்களுக்குக் குப்பை, காகிதம், வௌவால். வாசலில் நின்று கேக்கைத் திருப்பி அனுப்பிய மனுஷி, இந்த அட்டைகளைத் தன் கையாலேயே எடுத்து மேசையில் பரப்பியிருக்கிறார்.

மறுநாள் காலை கார்லாவின் மேசைமேல் லோர்னாவின் சாவிக்கொத்து இருந்தது. ஒரு சீட்டுகூட இல்லை; அவர் வேலைக்கு வரவில்லை. மாநில ஆய்வாளர் ஒருவர் வந்து மிச்ச அட்டைகளைப் பைகளில் கட்டி எடுத்துப் போனார். ஏமஸ் நன்றாக இருக்கிறான், ஓர் இரவு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறார்கள் என்று செய்தி வந்தது. கார்லா அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "நாளைக்கு ஊர்வலத்துல கடைசியில நீ நில்லு, மேரென்," என்றாள்.

ஹாலோவீன் அன்று பிள்ளைகள் வேஷம் போட்டு, வேஷத்துக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டு, வளையம் கட்டிய நீளமான கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து முதியோர் இல்லத்துக்கு நடந்து போவார்கள். லோர்னா எப்போதும் கடைசியில்தான் நடப்பார். எல்லாத் தலையும் கண்ணில் பட வேண்டும் என்பார். அந்த இடத்தில் நானா? வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

கார் நிறுத்தும் கொட்டகை திறந்திருந்தது. லோர்னா பெட்டி பெட்டியாகத் தூக்கிவந்து தெருவோரம் குப்பை வண்டிக்காக வைத்துக்கொண்டிருந்தார். உருளைகள், பால் கேன்கள், கையுறைகள், எல்லாம். காரின் பின் சீட்டு காலி. அந்த சீட்டின் நிறம் பழுப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"கார்லா அனுப்பினாளா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன்."

"அப்ப சும்மா நிக்காத. அந்தப் பெட்டியத் தூக்கு."

தூக்கினேன். "ஜூனி உங்க நாற்காலியில யாரையும் உக்கார விடல," என்றேன். "நீங்க வரணும், லோர்னா. நாளைக்கு ஊர்வலம்."

"நான் துடைச்சேன், மேரென்." அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அவன் கழுத்தைச் சிரிச்சுக்கிட்டே துடைச்சேன். ரெண்டாவது தடவையும் துடைச்சேன். அந்த வாண்டுங்க கத்தலேன்னா மூணாவது தடவையும் துடைச்சிருப்பேன்."

"கத்தச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே?"

"போதும். பெட்டியத் தூக்கு."

அப்போது கிளின்டின் வண்டி வந்து நின்றது. லோர்னா கையில் இருந்ததைக் கீழே வைத்தார். அடிக்க வந்திருக்கிறான் என்றே நான் நினைத்தேன். அவனோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டு, மூன்று வயதுப் பையன் மாதிரி நின்றான்.

"பையன் எப்படிடா இருக்கான்?" என்றார் லோர்னா.

"வண்டியில இருக்கான். காலையில ஆஸ்பத்திரியில மூணு கிண்ணம் ஜெல்லி சாப்ட்டான்."

லோர்னா பால் கேன் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மிஸ் லோர்னா, ஒண்ணு சொல்லணும். அந்த அட்டை நான் குடுத்தது."

"எல்லாரும்தான் குடுத்தாங்க."

"இல்ல. அந்த நீல மூடி. அது என்னோடது." கிளின்ட் வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "எங்க வீட்டுல முட்டையே வாங்கறதில்ல. சனி ஞாயிறு தம்பியோட வேட்டைக் குடிசைக்குப் போனா அங்கதான் சாப்பிடுவேன். அட்டை வண்டியிலேயே கிடந்துச்சு. உள்ள ஒண்ணு உடைஞ்சு காஞ்சிருந்துச்சு. துடைச்சுப் பாத்தேன், முழுசாப் போகல. மேல பெயின்ட்தானே அடிக்கப்போறாங்கன்னு நினைச்சேன். அது எங்கப்பாவோடதுன்னு ஏமஸ் வழி பூரா மடியில வெச்சுக்கிட்டு வந்தான்."

நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் தரமாட்டேன் என்றது அதனால்தான்.

"ஏண்டா?" என்றார் லோர்னா. திட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். "உன் பையனுக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். சாப்பிடக் குடுத்தாத்தான் ஆபத்துன்னு... நான் உங்க வகுப்புல இருந்தப்போ எங்கம்மா ஒரு தடவகூட எதையும் குடுத்தனுப்பினதில்ல. எல்லாரும் கொண்டாந்து குடுக்கிறப்போ வெறுங்கையோட நிப்பேன். அவன் நிக்கக் கூடாதுன்னு பாத்தேன்."

"அப்ப உங்க தப்பில்ல!" என்று நான் கத்திவிட்டேன். "லோர்னா, இவர்தான்..."

"வாய மூடு பொண்ணே." லோர்னா எழுந்தார். "அவன் குடுத்தான். முதுகுல தட்டி வாங்கினது யாரு? அந்த மேசையில இருந்த வேற எந்த அட்டையும் சுத்தம்னு உன்னால சொல்ல முடியுமா? கேக்கு வந்தா 'இதுல என்ன இருக்கு'ன்னு கேப்பேன். குப்பை வந்தா 'முன்னாடி என்ன இருந்துச்சு'ன்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

கிளின்ட் தொப்பியையே பார்த்தான். "வீட்டுல ஹைடிகிட்ட சொல்லிட்டேன். என்கிட்ட அவ பேசறதில்ல."

"என் மேலயும் கோவமா?"

"உங்க மேலயும் ஆத்திரம்தான். அவ சொன்னத அப்படியே சொல்றேன். 'அந்தப் பொம்பளய நினைச்சா எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது. ஆனா அவ இல்லாத வகுப்புல என் பிள்ளைய விடமாட்டேன். ஊசியக் கையில எடுக்க அங்க வேற யாருக்கு வரும்?'"

வண்டியின் ஜன்னலைத் தட்டும் சத்தம் கேட்டது. கிளின்ட் போய்க் கதவைத் திறந்து ஏமஸை இறக்கினான். கையில் ஆஸ்பத்திரிப் பட்டை. முகத்தில் நேற்றைய வீக்கம் துளியும் இல்லை. எனக்கு அதுவே அதிர்ச்சியாக இருந்தது. சாகப்போனவன் மாதிரியே தெரியவில்லை.

"மிஸ் லோர்னா, எனக்கு வேஷம் வேணும்."

"வீட்டுல டைனோசர் சட்டை இருக்கே," என்றான் கிளின்ட்.

"டைனோசர் வேணாம். நான் சிவப்புப் பை."

மூன்று பேரும் அவனையே பார்த்தோம்.

"நேத்துலேர்ந்து இதையேதான் சொல்றான்," என்றான் கிளின்ட். "அவங்கம்மா செஞ்சு பாத்தா, வரல."

லோர்னா தெருவோரம் போய் ஒரு பெட்டியை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பழைய இடத்திலேயே வைத்தார். இன்னொன்றை எடுத்தார், அதையும் வைத்துவிட்டார். "உன் வண்டியில ஏதாவது பெட்டி இருக்கா?" என்று கிளின்டைக் கேட்டார். அவன் ஓடிப்போய் ஒன்றைக் கொண்டுவந்தான்.

"இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"பூட்ஸ்."

"வெறும் பூட்ஸா?"

"புது பூட்ஸ், மிஸ் லோர்னா. நேத்து முந்தாநாள்தான் பிரிச்சேன்."

லோர்னா பெட்டிக்குள் மூக்கை விட்டு முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். நானும் முகர்ந்தேன். பூட்ஸ்தான். அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோல் கேட்டார். தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டோம். கொட்டகை அலமாரியில் சிவப்புப் பெயின்ட் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து ஏமஸ் தூரிகையைப் பிடித்தான். பாதி பெட்டியிலும் பாதி சிமென்ட் தரையிலுமாக அடித்தான். ஓரத்தில் பிசகியிருந்த இடத்தை நான் சரி செய்யப் போகவில்லை.

திரும்பிப் பார்த்தபோது அவன் கழுத்தில் சிவப்பு இருந்தது.

நான் உறைந்துபோனேன். கிளின்டின் கை ஊசி இருந்த சட்டைப்பைக்குப் போனது. லோர்னா கையில் ஈரத்துணி இருந்தது. அந்தத் துணியோடு அவர் நின்ற நிற்பை நான் மறக்கமாட்டேன். பிறகு குனிந்து, அவன் தாடையை ஒரு விரலால் தூக்கி, மெதுவாக ஒரு முறை துடைத்தார். உடனே துணியைத் திருப்பிப் பார்த்தார். துணி சிவப்பாகியிருந்தது. கழுத்து சுத்தமாக இருந்தது.

"கூசுது," என்று ஏமஸ் சிரித்தான்.

லோர்னா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாளைக்குக் கயிறு பிடிக்கிறப்போ நீ முன்னாடி நில்லு, மேரென்," என்றார். "பின்னாடி நான் வர்றேன்."